செத்தவர்கள் உட்காரலாம்

மணி என் கையில் இருந்தது. அடித்தால் சேதுன்யா தோற்றாள்.

கான்ஸி நகரத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் வானொலி வினாடி வினாவின் மாவட்ட இறுதிச் சுற்று. முந்தின வாரம் பள்ளிக்கூடக் கூரையைக் காற்று பிய்த்துக்கொண்டு போய்விட்டதால் போட்டி கோட்லாவுக்கு வந்துவிட்டது. கோட்லா என்றால், மரக் கம்பங்களை அரைவட்டமாக நட்ட ஊர்ச்சபை முற்றம். ஊர்த் தலைவர் கோசி வழக்கு கேட்கும் இடம். நான் கிளினிக் நர்ஸ். கடிகாரம் பார்த்து மணியடிக்க என்னை உட்கார வைத்திருந்தார்கள்.

கேள்வி கேட்க மொடிரி என்பவர் தலைநகர் கபரோனிலிருந்து வந்திருந்தார். உடல், மொழி, எழுத்தாளர்கள் பற்றி ஆயிரம் அதிசயங்களைத் தொகுத்துப் புத்தகம் போட்டவர். கேள்விகள் எல்லாம் அதிலிருந்துதான். பெரியவர்களைவிடப் பிறந்த குழந்தைக்குத்தான் எலும்பு அதிகம் என்று சொல்லி, தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் ஓட்சிலே என்ற பையன் ஒரு புள்ளி எடுத்தான். ஒரே ஓர் எழுத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு முழு நாவல் எழுதியவர்கள் உண்டு என்று சொல்லி, சேதுன்யா சமன் செய்தாள்.

மிச்சம் ஒரு கேள்வி, சேதுன்யாவுக்கு. மணியடிப்பதற்குள் சரியாகச் சொல்லாவிட்டால் ஓட்சிலே ஜெயித்தான். ஜெயிப்பவருக்குக் கபரோனில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம். சேதுன்யா இரண்டு வருடமாக விண்ணப்பம் போட்டுக் களைத்தவள். அவள் குடியிருப்பிலிருந்து இதுவரை ஒருவர்கூட ஆசிரியரானதில்லை.

மொடிரி தொண்டையைச் செருமினார்.

"உலகத்துலயே ரொம்ப அதிகமா ஒலி இருக்கிற மொழிகள்ல ஒண்ணு, தா மொழி. நூத்துக்கும் மேல! நாக்கைச் சொடுக்கிச் சொடுக்கிப் பேசணும். பேசிப் பேசியே தொண்டைக்குள்ள சின்னதா ஒரு புடைப்பு வந்துடும், ஆராய்ச்சிக்காரங்க பாத்திருக்காங்க. கேள்வி இதான்: இன்னைக்கு அதைப் பேசறவங்க எத்தனை பேர்?"

சேதுன்யா சிரித்தேவிட்டாள். "சில ஆயிரம் பேர், ஐயா."

"தப்பு! ஒருத்தருமில்ல. அழிஞ்சுபோன மொழி. பக்கம் நூத்திப் பன்னெண்டு."

"எங்க வீட்லயே ஏழு பேர் பேசறோமே!"

"வீட்டுக் கதையெல்லாம் வேணாம்மா. புத்தகத்துல இருக்கிறதுதான் பதில்."

"புத்தகம் எழுதினது யாரு?"

"நான்தான்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சேதுன்யாவின் முகம் கறுத்தது. "எங்களைச் சாகடிக்கறதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"நேரமாச்சு. நர்ஸம்மா, மணி!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழிந்துபோனவர்களின் தொண்டைக்குள் எட்டிப் பார்த்தது எந்த ஆராய்ச்சிக்காரன்? மணியின் நாக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கோசி கையை உயர்த்தினார். "தம்பி, மணி கிணி எல்லாம் பள்ளிக்கூடத்துல வெச்சுக்கோ. இது கோட்லா. பேச எந்திரிச்சவங்க முடிக்கிற வரைக்கும் குறுக்க ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. நானே திறக்க மாட்டேன்."

"பேசட்டுமே," என்றார் மொடிரி, உதட்டைச் சுழித்து. "டொக்கு டொக்குன்னு சத்தம் போட்டா அது மொழின்னு நான் எப்படி நம்பறது? கழுதை ஓட்டறவன்கூடத்தான் அப்படிச் சத்தம் போடறான்."

ஒருவரும் சிரிக்கவில்லை.

சேதுன்யா கம்ப வேலிக்கு வெளியே பார்த்தாள். அவள் சனம் வழக்கம்போல வெயிலில், மணலில் உட்கார்ந்திருந்தது. உள்ளே வராதே என்று சொன்னவர் இல்லை. வா என்று கூப்பிட்டவரும் இல்லை. எட்டு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டே போய்வருகிறேன், நானும்தான்.

தோள் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் குரல் கொடுத்தாள். சடசடவென்று சுள்ளி முறிகிற மாதிரி இரண்டே வாக்கியம்.

வேலிக்கு வெளியே ஒரு கிழவர் எழுந்தார். பிறகு இரண்டு பெண்கள், இடுப்பில் குழந்தையோடு. பிறகு மொத்தமும். மணலைத் தட்டிக்கொண்டு வரிசையாகக் கோட்லாவுக்குள் நுழைந்தார்கள்.

"என்னம்மா சொன்னே?" என்றார் கோசி.

"செத்தவங்க உக்காந்தே இருங்க, உயிரோட இருக்கிறவங்க எந்திரிச்சு உள்ள வாங்கன்னேன்."

கிழவர் மொடிரியின் மூக்குக்கு நேரே வந்து நின்று, எல்லாருக்கும் புரிகிற செட்ஸ்வானா மொழியில் கேட்டார்: "என்னைப் புதைச்சது நீதானா? குழியை எங்க வெட்டினே?"

மொடிரி பின்னால் நகர்ந்தார். நாற்காலி இடித்தது.

"எத்தனை பேர்னுதானே கேள்வி?" என்றார் கோசி. "எண்ணு."

மொடிரி எண்ணினார். அறுபத்து மூன்றில் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"நிறுத்தாதீங்க ஐயா," என்றாள் சேதுன்யா. "ஆடு ஓட்டிட்டுப் போனவங்க சாயங்காலம் வருவாங்க. அப்புறம் பக்கத்து ஊரு, அதுக்கடுத்த ஊரு. உக்காந்து எண்ணலாம்."

"போதும்மா. புள்ளி உனக்குத்தான்." மொடிரி கைக்குட்டையை மடித்தார். "புத்தகத்தையும் அடுத்த பதிப்புல திருத்திடறேன்."

அவள் என் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி அவரிடம் நீட்டினாள்.

"இந்தப் பதிப்புலயே திருத்துங்க."

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவர் கோடு கிழித்து முடிக்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் மணியை அடித்தேன்.