மேலடுக்கு

முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்க அந்த வாரக் கடைசிதான் கெடு. முதுகலை இரண்டாம் ஆண்டில் இருந்த சின்னவளுக்கு எல்லாமே தயார். ஆய்வுத் திட்டம் தயார், அதைத் தாங்கி நிற்கும் முடிவும் தயார்: நுண்ணுயிர்க் கரைசல் ஊற்றிய பயற்றுச் செடிகள், ஊற்றாதவற்றைவிட நன்றாக வளர்கின்றன. கூடவே அழகாக ஒரு படம் வைக்கலாமே என்று போன வாரம் செடி ட்ரேக்களை வளர்ப்பு அறையிலிருந்து வெளியே எடுத்தாள். எடுத்தவள், திரும்ப வைக்கும்போது போன் பேசிய பராக்கில் மேல் கீழாக மாற்றி வைத்துத் தொலைத்தாள்.

இன்றைக்கு வந்து பார்த்தால் எல்லாம் தலைகீழ். கரைசலே காணாத செடிகள் நெடுநெடுவென்று நிற்கின்றன. ஊற்றி ஊற்றி வளர்த்தவை சோனியாகக் கிடக்கின்றன.

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கரைசல் ஊற்றியது எப்போதும் மேலடுக்கு, ஊற்றாதது கீழடுக்கு. ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாதாம். எவர் கிளப்பிவிட்டது என்று யாரும் கேட்டதில்லை. வந்தவர்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே வைத்தார்கள், பெரிய படிப்பு படித்தவர்கள்! சின்னவள் இரண்டு அடுக்கிலும் கையை நீட்டிப் பார்த்தாள். மேலே விளக்குச் சூட்டில் கதகதப்பு, கீழே சில்லிப்பு. அடக் கடவுளே, செடியை வளர்த்தது கரைசல் இல்லை, அடுக்கு.

வீட்டில், பஸ் ஓட்டுகிற அப்பா தலைகால் புரியாமல் இருந்தார்.

"டிப்போ பூரா சொல்லிட்டேன், என் பொண்ணு டாக்டராகப் போறான்னு. ஆனா ஒண்ணு, எனக்கு மட்டும் ஊசி போடக் கூடாது!"

"இது அந்த டாக்டர் இல்லப்பா."

"எந்த டாக்டரா இருந்தா என்ன? அனுப்பியாச்சா?"

சிரித்து மழுப்பினாள். பேசாமல் இருந்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று மனசு நச்சரித்தது. அப்படி நினைத்ததே அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் கைடின் அறைக்குப் போனாள். மாணவர்கள் வைத்த பெயர் கறார் மேடம். அவருடைய பரிந்துரை இல்லாமல் விண்ணப்பம் ஓரடி நகராது.

"மேடம், என் ரிசல்ட் தப்பு."

மேடம் முழுவதையும் கேட்டுக்கொண்டார். "ஒரு தடவைதானே மாறுச்சு? இப்போதைக்கு விடும்மா. முதல்ல சீட் கிடைக்கட்டும், அப்புறம் ஆற அமரப் பார்த்துக்கலாம்."

"தெரிஞ்சுக்கிட்டே எப்படி மேடம் எழுதுறது? அந்த ரிசல்ட்டைத் திட்டத்திலேர்ந்து எடுத்துட்டேன். இந்த அடுக்கு நம்மள எவ்வளவு ஏமாத்துதுன்னு பார்க்கப்போறேன்னு புதுசா எழுதியிருக்கேன்."

"நம்ம லேப்ல எல்லாரும் அப்படித்தானே வைக்கிறாங்க?"

"அதான் பயமா இருக்கு மேடம். யார் ஆரம்பிச்சு வச்சாங்களோ."

மேடத்தின் முகம் செத்துவிட்டது.

"நான்தான்," என்றார். "என் பிஎச்டி செய்றப்ப."

அந்தக் கரைசல்தான் மேடத்தின் பட்டம், வேலை, பெயர், எல்லாம். "நீ போம்மா" என்று மட்டும் சொன்னார். சின்னவள் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள், தன் சீட்டுக்காகவா அவருக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு மேடம் கண்ணிலேயே படவில்லை. கெடு முடிகிற அன்று காலையிலும் இணையத்தில் பரிந்துரை வரவில்லை என்றுதான் காட்டியது. போயே போச்சு என்று முடிவு கட்டினாள். ஆய்வகத்தில் இருக்கிற தன் பொருள்களையாவது எடுத்து வருவோம் என்று கிளம்பினாள்.

வளர்ப்பு அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே மேடம். மேஜைமேல் புது ட்ரேக்கள், அப்போதுதான் முளைவிட்ட பயறு. மேடத்தின் கையெழுத்தில் ஒட்டுச்சீட்டு: அவர் தன் பிஎச்டிக்கு வளர்த்த அதே ரகம், அதே கரைசல்.

"பரிந்துரையை இப்பதான் அனுப்பினேன்," என்றார் திரும்பாமலே. "எல்லாத்தையும் எழுதிட்டேன், யார் ஆரம்பிச்சு வச்சதுன்னும். நீ உன்னோடதை அனுப்பிடு."

"மேடம்..."

"அதுக்கு முன்னாடி ஒரு உதவி பண்ணு." கரைசல் ஊற்றிய ட்ரேயைக் காட்டினார். "இதைக் கீழடுக்குல வச்சிடு. காலையிலேர்ந்து நிக்கிறேன், எனக்குக் கை வர மாட்டேங்குதும்மா."

சின்னவள் ட்ரேயை இரண்டு கைகளாலும் தூக்கிக் குனிந்து கீழே வைத்தாள். மேடம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.