சூடம் காட்டாத கார்

எனக்குப் பயம் காலையிலேயே வந்துவிட்டது. என் கணவர் குகன் கார் போர்ச்சைச் சுற்றிப் பிளாஸ்டிக் ஷீட்டைத் தொங்கவிட்டு, ஓரமெல்லாம் டேப் ஒட்டி, ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு மட்டும் வழி விட்டுவிட்டு, எப்படி என் வேலை என்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பைப் பார், சிரிப்பை.

இந்த மனுஷன் பிறந்ததிலிருந்து சாயம் அடித்தது வீட்டு கேட்டுக்கு மட்டும்தான். அதுவும் பாதியில் மழை பிடித்துக்கொண்டு, இன்றுவரை அம்மை போட்ட மாதிரி நிற்கிறது. இப்போது காருக்கு அடிக்கப் போகிறாராம். வெயிலில் நின்று நின்று காரின் கூரையும் பானட்டும் தோல் உரிந்து கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை தலைநகரில், பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் தங்கச்சிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பணக்காரர்கள் இருக்கும் பங்சாரில். கல்யாணப் பெண்ணை எங்கள் ஊர் கிள்ளானிலிருந்து இந்தக் காரில் கொண்டுபோய் இறக்கினால் அவர்கள் முன்னால் மானம் போய்விடும் என்று இவர் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. போன ஒர்க்‌ஷாப்பிலெல்லாம் அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். கடைசியில் கூட்டாளி குரு தன்னுடைய கம்பிரசரையும் ஸ்ப்ரே கன்னையும் இரவல் கொடுத்தார். திறந்த இடத்தில் வைத்து அடி என்று குரு படித்துப் படித்துச் சொன்னதை நானும் கேட்டேன். ஆனால் எங்கள் வீடு மேரு சாலைக்குப் பக்கத்தில். லோரி போகும்போது கிளம்புகிற தூசி ஈரச் சாயத்தில் ஒட்டிக்கொள்ளுமாம். அதற்குத்தான் இந்தக் கூடாரம்.

சாயம் எப்படி வந்தாலும் எனக்குக் கவலையில்லை. நான் பயந்தது சாயத்தில் கலக்கும் தின்னருக்கு. நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் போன வருடம் தின்னர் வைத்திருந்த மூலையில் தீப்பிடித்தது. நான் வாசல் பக்கம் நின்றிருந்தேன். நெருப்பு டின்னில் பிடிக்கவில்லை. காற்றில் பிடித்தது. அந்த வாடை எங்கெல்லாம் போயிருந்ததோ அங்கெல்லாம் ஒரே நேரத்தில் நெருப்பு. என்னோடு வேலை செய்த மாரியாயி அக்காவுக்கு இன்றும் விரல்கள் மடங்குவதில்லை. இதையெல்லாம் எடுத்துச் சொன்னால், "நீ ரொம்ப யோசிக்கிற லா" என்று சொல்லிவிட்டு இவர் காரைத் தேய்க்கப் போய்விட்டார்.

சரி, மனுஷனைத்தான் நிறுத்த முடியாது, நெருப்பையாவது நிறுத்துவோம் என்று கிளம்பினேன். கேஸ் சிலிண்டரை மூடினேன். மத்தியானச் சாப்பாட்டைக் கடையில் வாங்கினேன். கொசுவத்தியை நனைத்துக் குப்பையில் போட்டேன். வெள்ளிக்கிழமையாக இருந்தும் சாமி அறையில் விளக்கேற்றவில்லை. சாமி கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன். பிறகு இவருடைய கால்சட்டைப் பையிலிருந்த லைட்டர், சமையலறைத் தீப்பெட்டிகள் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிப் பக்கத்து வீட்டு சல்மா அக்காவிடம் கொடுத்தேன். கல்யாண வீட்டுக்காரி தீப்பெட்டியை நாடு கடத்துகிறாளே என்று அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாப்பிட்டதும் இவர் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு கூடாரத்துக்குள் போனார். கம்பிரசர் மட்டும் கேட்டுக்கு வெளியே கத்திக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஸ்ஸ் என்ற சத்தம் வந்துகொண்டே இருந்தது. நான் ஹாலில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் நின்றால் எனக்கு உயிர் போகும். என்னாங்க என்று கூப்பிடுவேன். உள்ளேயிருந்து ம் என்று வரும். அதற்குப் பிறகுதான் மூச்சு விடுவேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது. காற்று துளிகூட இல்லை. வாடை வீட்டுக்குள் வந்து நின்றுகொண்டு போக மாட்டேன் என்றது. கண் எரிந்தது.

சாயங்காலம் சத்தம் ஒரேயடியாக நின்றது. முடிந்துவிட்டது என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். குரலில் அத்தனை சந்தோஷம். நான் ஓடிப்போய் ஷீட்டை விலக்கி எட்டிப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் அடித்திருந்தார். கூரையும் பானட்டும் ஈரத்தோடு கருஞ்சிவப்பாக மின்னின. ஒரு நொடி எனக்கே பெருமையாக இருந்தது.

அப்புறம்தான் அவர் கையைப் பார்த்தேன். முன் கதவைத் திறந்து டாஷ்போர்டிலிருந்து சூடம் பாக்கெட்டையும் லைட்டரையும் எடுத்து வைத்திருந்தார்.

ஆத்தாடி, அதை மறந்தே போனேன். இந்த ஊரில் எங்கள் ஆட்கள் யாருடைய காரைத் திறந்தாலும் இவை இரண்டும் இருக்கும். நாங்களும் வெள்ளிதோறும் வழியில் முனியாண்டி கோயிலில் நிறுத்திச் சூடம் கொளுத்திவிட்டுத்தான் வீட்டுக்கு வருவோம். வீட்டையே சலித்தெடுத்த எனக்கு அந்தக் காரைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

"கார் புதுசாயிருச்சு மாது. வெள்ளிக்கிழம வேற. ஒரு சூடத்தக் காட்டிட்டு பிளாஸ்டிக்க பிரிச்சிடலாம்" என்றார். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியிருந்தார். சாய டின்னின் மூடியைக் கவிழ்த்து அதன் நடுவில் சூடத்தை வைத்திருந்தார். மூடிக்குப் பக்கத்தில் தின்னர் டின் திறந்திருந்தது.

அவர் குனிந்து லைட்டரைத் தட்டினார். சாயம் அப்பிய கையுறை வழுக்கியது. மறுபடியும் தட்டினார். மறுபடியும் வழுக்கியது.

"குகன்."

கல்யாணமான நாளிலிருந்து நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் திகைத்துத் தலையைத் தூக்கினார். அதற்குள் நான் உள்ளே போய் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டேன். இழுத்த இழுப்பில் கூடாரத்தின் ஒரு பக்கம் பிய்ந்து வந்து அப்படியே பானட்டின் மேல் விழுந்து ஒட்டிக்கொண்டது. நான் விடவில்லை. கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கத்தில் சாக்கடைத் தண்ணீர் ஓடும் லோங்காங் ஓரத்துக்குக் கொண்டுபோய்த்தான் நிறுத்தினேன். தின்னர் வாடை அடித்த சட்டையையும் கையுறையையும் நானே உருவித் தூர எறிந்தேன். லைட்டரை மட்டும் அவர் விடாமல் கை மாற்றி வைத்துக்கொண்டார்.

அவருக்கு வந்ததே கோபம். முகமெல்லாம் சிவந்துவிட்டது. ஒரு நாள் வேலையை ஒரு நொடியில் கெடுத்துவிட்டாய், இனி ஞாயிற்றுக்கிழமை என் தங்கச்சியை எதில் ஏற்றுவது, பைத்தியமா உனக்கு என்று தெருவே கேட்கக் கத்தினார். சல்மா அக்கா வாசலுக்கு வந்துவிட்டார்.

"இது எரியவே இல்ல. ரெண்டு தடவ தட்டினேன், பொறிகூட வரல. செத்துப்போன லைட்டருக்குப் பயந்துதான் இவ்வளவு கூத்தும். இங்க பாரு" என்று சொல்லி, கையுறை இல்லாத விரலால் லைட்டரை என் முகத்துக்கு முன்னால் தட்டினார்.

முதல் தட்டிலேயே பிடித்துக்கொண்டது.

காற்றில்லாத சாயங்காலத்தில் அந்த நெருப்பு ஆடாமல் நின்றது. அவர் அதையே பார்த்தார். பிறகு எங்கள் போர்ச்சைப் பார்த்தார். அங்கிருந்து ரோட்டைத் தாண்டி வாடை இன்னும் வந்துகொண்டிருந்தது. முகத்திலிருந்த சிவப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. கடைசியாக என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்சுக்கிட்டே நீ ஏன் உள்ள வந்த?" என்றார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த வசவில் ஒன்றுகூட என் வாய்க்கு வரவில்லை. முதலில் அதை அணையுங்கள் என்று மட்டும் சொன்னேன். லைட்டரை அழுத்தியிருந்த அவர் கட்டைவிரல் எழும்பவில்லை. நான்தான் அதைப் பிடித்து விலக்கினேன்.