போகிற படகா, வருகிற படகா

சின்யோரா கொஸ்தான்ஸாவின் கட்டிலுக்கு எதிரே ஓர் ஆறு தொங்கியது. நூற்றைம்பது வருசத்துக்கு முன் ஒரு ஜெர்மன்காரன் எண்ணெய் வர்ணத்தில் கீறியது. ஆறு என்று சொல்வதே தாராளம். முக்கால்வாசி மூடுபனி, நடுவில் ஒரு படகு, அதில் முகம் தெரியாத ஒருவன். அவன் கரைக்கு வருகிறானா, கரையை விட்டுப் போகிறானா என்பது கீறியவனுக்கே வெளிச்சம்.

கிழவிக்கோ அவன் செத்துப்போன புருசன். "வருகிறாரா, போகிறாரா?" என்று தினமும் கேட்பாள். "வருகிறார்" என்றால்தான் சூப்புக்கு வாய் திறப்பாள். வேலைக்கு நின்ற றோசமலர் ஐந்து வருசமாக அந்தப் பொய்யைச் சொல்லி ஊட்டினாள். படத்துக்கு வெயில் ஆகாதென்று ஜன்னல்கள் சாத்தியே கிடந்தன. மன்னார்க் கடற்கரையில் வளர்ந்தவளுக்கு மூச்சு முட்டியது.

வேலையை விட்டுவிட்டு மகள் நிரோசினியோடு, அவள் இருக்கும் பகேரியா ஊரில் போய் இருப்பதற்கு இரண்டு தடவை புறப்பட்டாள். இரண்டு தடவையும் வாய்தான் கெடுத்தது. வெறுமனே "போறன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்க எங்கள் சனத்துக்கு மனம் வருமா? "வாதோ எ தோர்னோ" என்று இத்தாலியனில் சொன்னாள். போயிட்டு வாறன். கிழவி அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டு, அவள் திரும்பும்வரை பச்சைத்தண்ணி பல்லில் படாமல் கிடந்தாள்.

இன்று மூன்றாம் தடவை. கிழவியின் மகன் வேலைக்குப் பிடித்த புதுப் பெண் குசினியில் சூப் காய்ச்சிக்கொண்டு நின்றாள். கீழே காரில் இருந்த நிரோசினி ஃபோன் எடுத்தாள்.

"அம்மா, 'வாதோ' எண்டு மட்டும் சொல்லுங்கோ. 'தோர்னோ' வேண்டாம்."

"ஓம் பிள்ளை. அதுவும் 'வா' எண்டுதானே தொடங்குது, அபசகுனமில்லை."

பெட்டியைத் தூக்கினாள். கிழவி படத்தைக் காட்டினாள்.

"றோசா, வருகிறாரா, போகிறாரா?"

இன்றைக்காவது மாற்றிச் சொல்லவேண்டும். "போகிறார், சின்யோரா."

கிழவி அழவில்லை. பனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போகும்போது என்ன சொன்னார்?"

"ஒன்றும் சொல்லவில்லை" என்று பதில் சொல்லியிருந்தால் றோசமலர் இந்நேரம் பகேரியாவில் இருந்திருப்பாள். ஆனால் அவளுடைய புருசன் ஒரு விடியற்காலை, அவள் நித்திரை என்று ஒன்றும் சொல்லாமல்தான் வள்ளத்தில் போனான். திரும்பவேயில்லை. அந்தக் கொடுமையை இன்னொருத்திக்குச் செய்ய அவளால் முடியவில்லை.

"வாதோ எ தோர்னோ என்றார்."

"அப்படியென்றால் காத்திருப்போம்," என்று கிழவி கட்டிலில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.

தன் வாயிலேயே அறையவேண்டும் போலிருந்தது. கீழே நிரோசினி ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தாள். றோசமலர் பெட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.