கண்ட்ரோல் பிளாக் 4417

4417/99 ஒருநாளும் காலை வாரியதில்லை.

வியாழக்கிழமைதோறும் ஆஸ்பத்திரி லேபில் ஃபீபி அதைத்தான் முதலில் எடுப்பாள். தீப்பெட்டி அளவு மெழுகுக்கட்டி. அதற்குள் யாரோ ஒருத்தியின் மார்பிலிருந்து எடுத்த சதைத்துண்டு. அதில் முடியைவிட மெல்லிதாக ஒரு சீவல் சீவி, மற்ற ஸ்லைடுகளோடு சேர்த்துச் சாயம் ஏற்றுவாள். 4417 காப்பிப்பொடி நிறத்தில் கறுத்து வந்தால் சாயம் சரி, மற்ற முடிவுகளை நம்பலாம். வெளிறிப்போனால் அன்றைய வேலை மொத்தமும் குப்பை.

டாக்டர் சத்தியநாதனின் ஆராய்ச்சி அது. உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதம் ஒன்று எல்லா உடம்பிலும் இருக்கிறது. துத்தநாகத்தையும் தாமிரத்தையும் அளவாகக் கட்டிக்காப்பது அதன் வேலை. சில புற்றுநோய்க் கட்டிகளில் அது கண்டபடி பெருகிவிடுகிறது. அப்படிப் பெருகிய கட்டி வெறியோடு வளர்கிறதா, மருந்துக்கு அடங்காமல் திரும்பி வருகிறதா என்பது கேள்வி. மூன்று வருஷம், இருநூற்றுப் பதினோரு பேர். பதில் ஏறக்குறைய வந்துவிட்டது. கறுத்த ஸ்லைடுக்காரர்களின் ஃபைல்கள்தான், ஆள் இறந்து, முதலில் மூடப்பட்டன. எல்லாவற்றிலும் அதிகம் கறுத்தது 4417. அதனால்தான் அது கண்ட்ரோல்.

அது யாருடையது என்று ஃபீபி பார்த்ததில்லை. வேலைக்கு எண் போதும்.

2002 ஜூலை. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கவுன்ட்டர் ஜன்னலில் ஒரு சீட்டு நீண்டது. பிளாக் தேவை: 4417/99. சைரா, வயது 39, ஆம்பூர்.

ஃபீபி சீட்டை இரண்டு தரம் படித்தாள்.

"பேஷன்ட் உங்களுக்கு இன்னா வேணும்மா?"

"நான்தான் சிஸ்டர் பேஷன்ட்." புர்காவின் திரையைத் தூக்கி விட்டுக்கொண்டு, இடுப்பில் கைவைத்து நின்றாள் அந்தப் பெண். "முதுகெலும்புல வந்திருக்குதாம். அப்போ ஹார்மோன் டெஸ்ட் பண்ணவே இல்லியாம். சென்னை டாக்டர் அதைப் பண்ணணும்னு பழைய கட்டியைக் கேக்குறாரு. பாசிட்டிவா வந்தா தினம் ஒரு மாத்திரையோட போய்டும். இல்லன்னா மறுபடியும் ஊசி, வாந்தி... பேஜார். எனக்கு மாத்திரைதான் வேணும். பார்த்துப் போட்டுக் குடுங்க."

கத்தரிக்காய் கேட்கிற மாதிரி கேட்டாள்.

ஃபீபி உள்ளே போய் மெழுகுக்கட்டியை வெளிச்சத்தில் பிடித்தாள். சதை தேய்ந்துபோன மெழுகுக்கு அந்தப் பக்கம் ஜன்னல் கம்பி தெரிந்தது. எந்தக் கட்டியையும் பாதிக்குமேல் சீவக்கூடாது, நாளைக்கு நோயாளிக்கே தேவைப்படும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு வருஷாவருஷம் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். வேறு கட்டிக்கு மாறிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தாள். இந்த வாரம் போகட்டும், இந்த வாரம் போகட்டும் என்று மூன்று வருஷம் போய்விட்டது.

அப்படியே தூக்கிக் கொடுத்தாலும் ஆபத்து. வேறு மெஷினில் மாட்டினால் மட்டம் பார்க்கச் சீவுவதிலேயே மிச்சமும் போய்விடும்.

"உட்காருங்க, நானே வெட்டித் தர்றேன்" என்றாள்.

டெஸ்டுக்குக் குறைந்தது மூன்று ஸ்லைடு வேண்டும். சீவும் மெஷினான மைக்ரோடோமின் சக்கரத்தைச் சுற்றினாள். முதல் சீவல் குறுக்கே கிழிந்தது. பழைய பிளேடு. புதிதை மாட்டினாள். இரண்டாவது முழுசாக வந்தது. மூன்றாவதும். நான்காவதில் துவரம்பருப்பு அளவு சதை. ஐந்தாவது வெறும் மெழுகு.

தேறியது மூன்று.

"காலிக் கட்டியையும் குடுத்துடுங்க" என்றாள் சைரா.

"அதுல ஒண்ணுமில்லம்மா."

"அவ்ளோதானா? அன்னிக்கு எலுமிச்சங்காய் சைஸ்னு சொன்னாங்களே?"

மெழுகில் வைத்தது சின்னத் துண்டுதான் என்று சொல்லிவிடலாம். நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. ஃபீபிக்கு அதைச் சொல்லவும் தெம்பில்லை. கண்ட்ரோல், உலோகம் பிடிக்கும் புரதம், வாராவாரம் சீவியது என்று நடந்ததையெல்லாம் சொன்னாள்.

சைரா காலிக் கட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க ஷூ கம்பெனியிலயும் சாம்பிள் உண்டு. வாங்கற பையர் கையெழுத்துப் போட்ட ஜோடியை சீல் வெச்சு பீரோவுல பூட்டிடுவோம். அதைப் பார்த்துத்தான் லாட்டை பாஸ் பண்ணுவேன். பதினாலு வருஷமா செக்கிங் நானு. அந்த ஜோடியில எவனாச்சும் கத்தி வெச்சான்னா அன்னிக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"தப்புதாம்மா. எங்க டாக்டர்கிட்டயும் சொல்லி எழுதிக் குடுத்துடுறேன்."

"அது கிடக்கட்டும். இருக்கறதுலயே நல்லதைத்தான சாம்பிளா வெப்பீங்க? என்னுது அவ்ளோ நல்லதா?"

"கலர் நல்லா ஏறும்."

"மெட்டலைப் பிடிக்கறதுன்னீங்களே. எங்க அப்பா ராணிப்பேட்டை தோல் ஷாப்புல, தோலை ஊற வெக்கற குரோம் தொட்டியில நின்னவரு. அதுலேர்ந்து வந்துதா?"

"இந்தக் கலர் அதைச் சொல்லாதும்மா. அது உடம்பே செஞ்சுக்கறது."

"அப்போ கலர் ஜாஸ்தின்னா இன்னா அர்த்தம்?"

ஃபீபி ஸ்லைடு டப்பாவின் மூடியை அழுத்தினாள். ஏற்கனவே மூடியிருந்த மூடி.

"விடுங்க அக்கா," என்றாள் சைரா. சிஸ்டர் எப்போது அக்காவானாள் என்று ஃபீபிக்குத் தெரியவில்லை. "ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டறதுக்கு முன்னாடி நானும் இப்படித்தான் மூஞ்சியை வெச்சுக்குவேன்."

டப்பாவைக் கைப்பையில் நிறுத்தி வைத்தாள். காட்பாடியில் நாலரை மணி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பினாள். ஃபீபி லேப் நம்பரை எழுதிக் கொடுத்தாள். சும்மா அனுப்ப மனசு வரவில்லை.

மறுவாரம் வியாழக்கிழமை போன் வந்தது. ஆம்பூர் எஸ்.டி.டி. பூத். பின்னால் லாரி ஹாரன்.

"அக்கா, நெகட்டிவ். மாத்திரை இல்ல. திங்கக்கிழமை ஊசி."

"ஸ்லைடு பத்தாம போச்சா?" என்று கேட்டாள் ஃபீபி.

"சேச்சே. நல்லாப் பத்துச்சாம். யாரு வெட்டினது, சுத்தமா இருக்குதுன்னாராம் டாக்டர்." ஹாரன் ஓயும்வரை காத்திருந்தாள் சைரா. "உங்களைச் சும்மா விடக்கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா நீங்க மூணைத் தேத்தலன்னா, மாத்திரை இருந்துச்சோ என்னவோன்னு ஊசிக்கு ஊசி நெனைச்சுக்கிட்டுக் கிடந்திருப்பேன். வெச்சுடுறேன், மீட்டர் ஓடுது."

டைமர் அடித்தது. ஃபீபி ஸ்லைடுகளைச் சாயத்திலிருந்து எடுத்துத் தண்ணீரில் இறக்கினாள். கண்ட்ரோலுக்கு வேறு கட்டி. இந்தத் தடவை ரிஜிஸ்டரில் பெயர் பார்த்துத்தான் எடுத்திருந்தாள். போன வருஷமே ஃபைல் மூடிய பெயர்.

மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். புதுக் கண்ட்ரோல் வெளிறிக் கிடந்தது. மொத்தத்தையும் திரும்பச் செய்ய வேண்டும்.