கேப்டன் மச்சான்

மாமியார் கட்டிய புது வீட்டைப் பாதிரியார் வந்து மந்திரிக்கும் விசேஷத்துக்கு ஜெயசீலன் வந்து இறங்கியபோது, அவன் அக்காவின் கணவர் பிரேம்நாத் முதலில் பார்த்தது அவன் முகத்தை அல்ல, தோலை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோலைத் தடவிப் பார்த்தே தலை நரைத்த மனுஷர் அவர். மச்சானின் கழுத்தும் முன்கையும் கறுத்து, மூக்குத்தண்டு உரிந்து கிடந்தது. உப்பு தடவி ஒழுங்காகக் காயவைக்காத ஆட்டுத்தோல். இதை வாங்க வரும் எந்த பையரும் கையால் தொடமாட்டான் என்று நினைத்துக்கொண்டார். நினைப்பே இனிப்பாக இருந்தது.

"வாங்க கேப்டன்! கப்பல எங்க நிறுத்திட்டு வர்றீங்க, காவேரிப்பாக்கம் பஸ் ஸ்டாண்டுலயா?"

பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஜெயசீலனும் சிரித்தான். பிரேம்நாத்துக்கு ஆகாதது அதுதான். ஒருத்தனைக் கேலி செய்தால் அவன் கொஞ்சமாவது சுருங்க வேண்டும். இவனோ கேலியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருகிறான்.

மனைவி ஷர்மிளாவின் தம்பி என்பதற்காக மேனேஜரிடம் தலையைச் சொறிந்து நின்று, எக்ஸ்போர்ட் செக்‌ஷனில் இவனுக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்தவர் பிரேம்நாத். ஏசி அறை, கம்ப்யூட்டர், கழுத்தில் அட்டை. கீழே தையல் ஹாலில் டிகிரி படித்த பெண்கள் பசை நாற்றத்தில் நின்றுகொண்டிருக்க, இவனுக்கு உட்கார்ந்து வேலை. கம்பெனியில் ஒரு தடவை புதுச்சேரிக்கு டூர் கூட்டிப்போனார்கள். அங்கே முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் போய்வந்தான். அன்றோடு சரி. நாற்காலியில் இருப்பான், கண் வேறெங்கோ இருக்கும். கடைசியில் வேலையை விட்டு டைவிங்குக்குப் போகிறேன் என்று வந்து நின்று, "இங்க மூச்சு முட்டுது மாமா" என்றான்.

"மூச்சு முட்டுதுன்னு தண்ணிக்குள்ள போறவன இப்பத்தான்டா பாக்குறேன்!"

பிரேம்நாத் சொன்ன இந்த வசனம் அன்று மாலைக்குள் பேக்கிங் செக்‌ஷன் வரை போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு இத்தனை நாளில் அவர் சொன்ன எதற்கும் அப்படி ஒரு சிரிப்பு விழவில்லை.

இப்போது ஜெயசீலன் புதுச்சேரியில் டூரிஸ்டுகளைப் படகில் ஏற்றி நடுக்கடலுக்கு ஓட்டிப் போகிறான். அங்கே கையைப் பிடித்து உள்ளே இறக்கி மீன் காட்டுகிறான், போட்டோ எடுக்கிறான். பொருட்காட்சியில் ராட்டினம் சுற்றிவிடுகிறவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? ஆனால் ஆபீசில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் அவன் அனுப்பிய வீடியோ ஒன்றைப் பிரேம்நாத் கடைசி வரை பார்த்தார். தண்ணீருக்கடியில், நீல வெளிச்சத்தில் இவன் கை காலை ஆட்டாமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தான். பார்த்து முடித்ததும் அவருக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

பந்தி முடியும் நேரத்தில் தெருவில் ஜனங்கள் ஏரிப் பக்கம் ஓடினார்கள். மழை பெய்து நிரம்பிய ஏரி, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கடவாசலில் வழிந்துகொண்டிருந்தது. மேல்விஷாரத்திலிருந்து குளிக்க வந்த காலேஜ் பையன்களில் ஒருவன் சுவரோரம் வழுக்கி உள்ளே போய்விட்டானாம், பேர் உசாமா. பிரேம்நாத்தும் ஜெயசீலனும் போய்ச் சேர்ந்தபோது அவன் விழுந்து வெகுநேரம் ஆகியிருந்தது. உயிரைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. உள்ளூர்க்காரர்கள் சிலர் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறியிருந்தார்கள். தீயணைப்பு வண்டி வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். சேதி கேட்டு வந்திருந்த பையனின் அப்பா அப்துல் வஹாப் வெள்ளை ஜிப்பாவோடு சேற்றில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரேம்நாத்தின் வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்னாத்துக்கு வண்டிக்குக் காத்துனு இருக்கீங்க? எங்க மச்சான் பெரிய டைவரு. கடலையே கலக்குறவரு. இந்த ஏரி இன்னா அவருக்கு?"

அத்தனை தலைகளும் திரும்பின. ஜெயசீலன் அவரைப் பார்த்தான். முதல் தடவையாக அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"மாமா, அங்க தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்," என்றான் மெதுவாக. "இது சேறு. உள்ள கை வச்சா கை தெரியாது. சிலிண்டரும் இல்ல. மதகுக்கிட்ட இழுப்பு வேற இருக்குது."

"அப்ப மீனு காட்ட மட்டும்தான் தெரியும்னு சொல்லு."

அப்துல் வஹாப் எழுந்து வந்து ஜெயசீலனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "தம்பி, இருட்டுறதுக்குள்ள எடுத்துக் குடுத்துடு. ராத்திரி பூரா அவன் உள்ள கெடக்க வேணாம்."

பந்தல்காரரின் கயிறு வந்தது. ஜெயசீலன் ஒரு முனையை இடுப்பில் முடிந்து, மறுமுனையைக் கொண்டுவந்து பிரேம்நாத்தின் கையில் கொடுத்தான். ஏன் அவரிடம் கொடுத்தான் என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை.

"சேத்தாப்புல ரெண்டு தடவ இழுத்தா, நீங்க இழுங்க. அதுவரைக்கும் இழுக்காதீங்க."

முதல் முறை இறங்கி வெறுங்கையோடு மேலே வந்து சுவரைப் பிடித்தபடி இரைத்தான். 'இவ்வளவுதான்' என்று பிரேம்நாத் மனசுக்குள் சொன்னார். திங்கட்கிழமை ஆபீசில் இதை எப்படிச் சொல்வது என்று வாக்கியம்கூடத் தயாரானது. இரண்டாம் முறையும் வெறுங்கை. அப்போதுதான், கிடைக்கக்கூடாது என்று தான் வேண்டிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. நான்கு அடி தள்ளி அந்தத் தகப்பன் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த முறை கயிறு மதகுப் பக்கமாகச் சரசரவென்று ஓடி, நின்றது. தொய்ந்தது. பிரேம்நாத் உள்ளங்கையில் அசைவைத் தேடினார். ஒன்றுமில்லை. தண்ணீர் வழிகிற சத்தம் மட்டும் கேட்டது. இழுக்கலாமா? இழுக்காதே என்றானே! மூச்சு அவருக்குத்தான் முட்டியது. "ஜெயா... டேய் ஜெயா..." என்று வாய் தானாகக் கூப்பிட்டது. கயிறு வெட்டி இழுத்தது. மறுபடியும் இழுத்தது. பிரேம்நாத் கத்திக்கொண்டே இழுத்தார், நாலு பேர் சேர்ந்து பிடித்தார்கள். கயிறு அவர் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஏறியது.

ஜெயசீலன் ஒரு கையால் உசாமாவை அணைத்தபடி மேலே வந்தான். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவன் மாதிரி இருந்தது. அப்துல் வஹாப் ஓடவில்லை. நடந்து போய் மகன் முகத்துச் சேற்றை ஜிப்பா நுனியால் துடைத்தார்.

ஜெயசீலன் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். பிரேம்நாத் பக்கத்தில் போய் நின்றார். பாராட்டத்தான் நினைத்தார். நக்கலுக்கு மட்டுமே பழகிய நாக்கு.

"பரவால்லயே கேப்டன்," என்றார். அதுவும் நக்கலாகத்தான் விழுந்தது.

"நீங்க சொன்னது கரெக்ட்டு மாமா," என்றான் அவன், நிமிராமல். "அங்க நான் மீனுதான் காட்டுறேன். இதுவரைக்கும் இந்த மாதிரி யாரயும் தொட்டதில்ல. காலுலதான் பட்டான்... மொதல்ல கல்லுன்னு நெனச்சு ஒதச்சுட்டேன்."

வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். கூட்டம் வழிவிட்டது. கரைமேல் வெறுங்காலோடு, ஈரம் சொட்ட, யாரையும் பார்க்காமல் நடந்தான்.

கல்மேல் அவன் செருப்பு கிடந்தது. பிரேம்நாத் குனிந்து எடுத்தார். கை பழக்கத்தில் அடியைத் திருப்பிப் பார்த்தது. மட்டமான ரப்பர், குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. அவர் கம்பெனியின் எந்த ஷூவையும் அவர் இப்படி நெஞ்சோடு பிடித்துக்கொண்டதில்லை. கரை நெடுக முள் கிடந்தது. அவன் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போக, அவர் கூப்பிடவும் முடியாமல், கீழே போடவும் முடியாமல், பத்தடி பின்னால் நடந்துகொண்டிருந்தார்.