மூட்டைக்காரர் செய்த காரியம்

இடுப்பில் பிடித்த வலி முதுகெலும்பு வழியே ஏறிக் கழுத்தில் கொக்கி போட்டிருந்தது. நேற்று இருநூறு மூட்டை சிமெண்ட் இறக்கினதன் மிச்சம். மூட்டைக்காரர் கிடங்கு வாசலில் கை நீட்டினார். மேஸ்திரி அன்றைய வேலைக்கான டோக்கனைத் தரவில்லை.

"உனக்கு இல்ல. திருட்டுப் பேரு வாங்குனவன உள்ள விட்டா, மத்தவங்க பொழப்பும் போயிடும்."

"எவன் குடுத்த பேரு?"

மேஸ்திரி செல்போனை மூக்குக்கு நேரே நீட்டினார். இவர் படம். மேலே கொட்டை எழுத்தில்: 'லாரியில் கிடந்த ஐந்து லட்சம்! மூட்டைக்காரர் செய்த காரியம்... கேமராவில் சிக்கிய அதிர்ச்சி!'

வேலையாட்களின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டவன் இவர் பெண்டாட்டியின் தம்பி. அதே கிடங்கில் எடை போடுகிறவன். கண் திறக்குமுன் கட்டைவிரல் திறந்துகொள்ளும் ஜென்மம். 'எங்க குடும்ப மானமே போச்சு' என்று எழுதி, அழுகிற பொம்மை மூன்று வேறு. கீழே பதினைந்து பேர் காறித் துப்பியிருந்தார்கள்.

"முழுசாப் படிச்சீங்களா மேஸ்திரி?"

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்யா. தலைப்பே போதும்."

"பானையத் தொறக்கவே இல்லியே நீங்க! மூடிய மோந்து பாத்துட்டு சோறு ஊசிப்போச்சுங்கறீங்க."

மூட்டைக்காரர் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர். அவ்வளவு பாடுபட்டு ஏறுகிறவன் பாதி ஏணியில் குதிப்பானா? போனை வாங்கி, முடி வளரும் எண்ணெய், தொப்பை கரையும் மாத்திரை எல்லாவற்றையும் தள்ளித் தள்ளி, ஏழாவது பத்தியைச் சத்தமாக வாசித்தார்: "பணப்பையை... லாரிக்காரரிடம்... அவரே தேடிச்சென்று... ஒப்படைத்தார்."

சுற்றி நின்றவர்களுக்குத் திடீரென்று தரையில் ஏதோ தேட வேண்டியிருந்தது.

"இத மேலயே போட்டுத் தொலைய வேண்டியதுதான?" என்று மேஸ்திரி டோக்கனை நீட்டினார்.

"போட்டிருந்தா நீங்க தொட்டிருப்பீங்களா?"

எடைமேடையில் மைத்துனன் இளித்தான். "மாமா, நாலாயிரம் பேரு பாத்துட்டாங்க! நீங்க பெரிய ஆளாயிட்டீங்க!"

"நீ படிச்சியாடா?"

"ரொம்ப நீளம் மாமா..."

"ஏழு பத்திடா, எருமை! தப்பாப் போட்டுட்டேன், மன்னிச்சிருங்கன்னு அதே குழுவுல ஒரு வரி போடு."

"இதோ மாமா" என்றவனின் விரல் அடுத்ததற்குத் தாவியது: 'இந்த இலையை மென்றால் என்ன ஆகும் தெரியுமா?' தெரியாது, அவனுக்கும்தான். உடனே நாலு பேருக்கு அனுப்பினான்.

மாதம் மூன்றாகிறது. அந்த ஒரு வரி மன்னிப்பை அவன் இன்னும் தரவில்லை.