பன்னிரண்டாவது குறிப்பு

அந்த மின்சாதனக் கடையில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் 'கையேடு'தான். புதிதாக எந்தச் சாமான் வந்து இறங்கினாலும், மற்றவர்கள் பெட்டியைப் பிரித்துப் பொத்தானை அமுக்கிப் பார்ப்பார்கள். இவள் மட்டும் அதோடு வரும் தடித்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவாள். கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்து வரை ஒரு வரி விடமாட்டாள்.

"கையேடு அக்கா, இந்த ரேடியோ ஏன் கொரகொரங்குது?" என்று யாராவது கேட்டால், "நாப்பத்தி மூணாம் பக்கம்" என்று தலை நிமிராமல் சொல்வாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கையடக்க ஆர்கனைசர்கள் கடைக்கு வந்த வருடம் அது. உள்ளங்கை அகலத்தில் சாம்பல் நிறத் திரை, பக்கவாட்டில் செருகிவைக்கும் பிளாஸ்டிக் பேனா, முதுகில் இரண்டு சின்ன பேட்டரி. முகவரி, நாள்குறிப்பு, செய்ய வேண்டிய வேலை எல்லாவற்றையும் திரையிலேயே எழுதிவைக்கலாம். வாங்கிக்கொண்டு போனவர்களில் பாதிப் பேர் மூன்றாம் நாளே திரும்பி வந்தார்கள். ஒருவர் சாதாரண பேனாவால் எழுதித் திரையைக் கீறியிருந்தார். இன்னொருவர் பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்திருந்தார்.

"கையேட்ட எவனும் படிக்கறதில்ல. நீ ஒரே தாள்ல சுருக்கி எழுதிக் குடு, அடிச்சு எல்லாருக்கும் குடுத்துடலாம்" என்றார் முதலாளி.

அவள் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். தலைப்பு, 'முதன்முதலாக ஆர்கனைசர் வாங்குபவருக்கு'. கூடவே வந்த பேனாவைத் தவிர வேறெதுவும் திரையில் படக்கூடாது. முதல் வேலையாக உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அதில் எழுதுங்கள், தொலைந்தால் திரும்பி வரும். எல்லாவற்றுக்கும் அலாரம் வைக்காதீர்கள், பிறகு எதற்குமே எழுந்திருக்க மாட்டீர்கள். இப்படிப் பதினொன்று. பன்னிரண்டாவதை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்: பேட்டரி முழுவதும் தீர்ந்துவிட்டால் நீங்கள் எழுதிய அத்தனையும் அழிந்துபோகும், திரும்பக் கிடைக்காது, மாதம் ஒருமுறையாவது கணினியில் நகல் எடுத்துவையுங்கள், கணினி இல்லாதவர்கள் கடைக்கு வாருங்கள், நாங்கள் எடுத்துத் தருகிறோம்.

முதலாளி படித்துக்கொண்டே வந்தார், தலையை ஆட்டிக்கொண்டே வந்தார், பன்னிரண்டில் நின்றுவிட்டார்.

"இத எடுத்துடு."

"சார், இதுதான் ரொம்ப முக்கியம்."

"முக்கியந்தாம்மா. ஆனா இதப் படிச்சா எவன் வாங்குவான்? கடையத் தொறந்து வெச்சுட்டு நாமளே ஆள வெரட்டணுமா? கையேட்டுல இருக்குல்ல?"

"தொண்ணூத்தி ஒண்ணாம் பக்கத்துல இருக்கு."

"அப்புறம் என்ன? வேணுங்கறவங்க அதுல படிச்சுக்குவாங்க."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளும் சிரித்துக்கொண்டேதான் பேனாவால் அந்த வரிகளை அடித்தாள். வாயால் சொல்லிவிட்டால் போயிற்று என்று நினைத்தாள். வருகிறவர்களிடம் பெட்டியைக் கட்டிக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்வதற்கு யார் அனுமதி வேண்டும்?

சிலரிடம் சொன்னாள். பலரிடம் மறந்துபோனாள்.

நீச்சல் மாஸ்டர் வந்தது அதற்குப் பிறகு. தோள் அகலமான மனிதர், அறுபது வயதிருக்கும். கழுத்தில் ஒரு மெல்லிய துணியைச் சுற்றியிருந்தார். கூட வந்த மைத்துனர்தான் பேசினார்.

"இவரு முப்பது வருஷமா நீச்சல் குளத்துல பயிற்சி குடுத்தவர். இவரு கரையில நின்னு கத்தினா, தண்ணிக்கு அடியில முங்கினவனுக்கே காது கேக்கும். இப்ப தொண்டையில ஆபரேஷன். குரல எடுத்துட்டாங்க. நோட்டு நோட்டா எழுதிக் காட்டிட்டு இருக்காரு, அதுவும் குளத்துக்குப் போனா நனைஞ்சு கூழாயிடுது. இதுல எழுத முடியுமான்னு பாக்கணும்."

முடியும் என்று அவள் காட்டினாள். ஒவ்வோர் எழுத்தையும் பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் எழுதினால்தான் கருவிக்குப் புரியும். மாஸ்டர் எழுதினார். திரையில் என்னென்னவோ வந்தது. இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை நெற்றியில் வியர்வை பூக்க, மெதுவாக இழுத்து எழுதி, அவள் பக்கம் திருப்பினார்.

'என் மாணவர்களைவிட மந்தமாக இருக்கிறது இது.'

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவர் தோள்கள் குலுங்கின, சத்தம் வரவில்லை.

பெட்டியையும் அச்சடித்த தாளையும் கொடுத்தபோது, 'வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?' என்று எழுதிக் காட்டினார். அவள் சொல்ல வாயெடுத்தாள். முதலாளி இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். இதுவரை பேசாமல் தவித்த மனிதர் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்திருந்தது. அந்த நேரத்தில் 'எல்லாம் அழிந்துபோகும்' என்று எப்படிச் சொல்வது?

"எல்லாம் இந்தத் தாள்லயே இருக்கு சார்" என்றாள்.

அதற்கப்புறம் அவர் இரண்டு முறை கடைக்கு வந்தார். முதல் முறை ஏதோ ஒரு சின்னச் சந்தேகம், உடனே தீர்த்து அனுப்பினாள். அடுத்த முறை வந்தது தள்ளுபடி விற்பனை நடந்த சனிக்கிழமை. கடையில் நிற்க இடமில்லை. மாஸ்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஒரு பக்கம் முழுக்க எழுதிவைத்திருந்ததைத் திரையில் நீட்டினார். அவள் இரண்டு வரி படித்தாள். அதற்குள் ஒருவர் இஸ்திரிப் பெட்டியின் வயரைத் தூக்கிக் காட்டி ஏதோ கத்தினார். அவள் மாஸ்டரைப் பார்த்துப் புன்னகைத்து, "ரொம்ப சந்தோஷம் சார்" என்றாள். அவர் ஒரு நொடி நின்றார். பிறகு கருவியை உறைக்குள் போட்டுக்கொண்டு, கையை ஆட்டிவிட்டுப் போனார். நகல் எடுப்பதைப் பற்றி அடுத்த முறை நிச்சயம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த முறை அந்தக் கருவியைக் கொண்டுவந்தது அவர் மனைவி.

ஒல்லியான பெண்மணி. ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் வைக்கும் அறைக்குப் பொறுப்பாக இருப்பவராம். கைக்குட்டையைக்கூட நான்கு மூலையும் சேர்த்து மடித்துத்தான் வைத்தார்.

"மாஸ்டர் போயிட்டாரும்மா. நுரையீரல்ல தொத்து, நாலே நாளு. ரெண்டு மாசமாச்சு. இதப் பாக்கற தெம்பு இல்லாம துணிக்கு அடியில வெச்சுட்டேன். நேத்துதான் எடுத்தேன். எரிய மாட்டேங்குது. பேட்டரிதான் போயிருக்கும், மாத்திக் குடுங்க."

கையேடு கருவியைத் திருப்பி, பேட்டரி மூடியைத் திறந்தாள்.

"இதுல அவரு பேசினது எல்லாம் இருக்கும்மா. எதையும் அழிக்க மாட்டாரு. தேதி போட்டு வெச்சிருக்காரு. காலைல காபிக்குத் திட்டினதுலேருந்து எல்லாம்."

அவள் புது பேட்டரிகளை எடுத்தாள். ஒன்று கீழே விழுந்து உருண்டது. பொறுக்கிப் போட்டாள். திரை விழித்துக்கொண்டது. 'வரவேற்கிறோம். தொடங்குவதற்குத் திரையில் எங்காவது தொடவும்.'

"வந்துடுச்சா?" என்று மாஸ்டரின் மனைவி எட்டிப் பார்த்தார். "எங்க? அவரு எழுதினது எங்க?"

"அம்மா... பேட்டரி முழுசா தீந்துட்டா இதுல இருக்கறது எல்லாம் போயிடும். திரும்ப எடுக்க முடியாது."

அந்த அம்மாளுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் அழவும் இல்லை. உறையின் உள்பாக்கெட்டிலிருந்து, கடையில் கொடுத்த அச்சுத் தாளை எடுத்து விரித்தார். மாஸ்டர் அதைப் பத்திரமாக வைத்திருந்தார். மனைவி விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார், கடைசி வரை.

"இதுல அப்படி ஒண்ணும் போடலியே?"

உள்ளிருந்து முதலாளி வந்துவிட்டார். "கையேட்டுல தெளிவா இருக்கும்மா, தொண்ணூத்தி ஒண்ணாம் பக்கம். நாங்க என்ன பண்ண முடியும்?"

அந்த அம்மாள் அவரைப் பார்க்கவில்லை. தாளை இருந்த மடிப்பிலேயே மடித்தார். கருவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அன்று மாலை வீட்டில் கணவன் எவ்வளவோ சொன்னான். "முதலாளி எடுக்கச் சொன்னாரு, நீ எடுத்த. இதுல உன் தப்பு என்ன இருக்கு? உண்மையச் சொல்லணும்னா, அவரே கையேட்டப் படிச்சிருக்கணும்."

"அவரு என்னைக் கேட்டாருங்க. வேற ஏதாவது கவனிக்கணுமான்னு எழுதிக் கேட்டாரு. எல்லாம் இருக்குன்னு நான்தான் சொன்னேன்."



மறுநாள் அவள் தாளில் பன்னிரண்டாவது குறிப்பைச் சேர்த்து, முதலாளியிடம் கேட்காமலேயே நூறு பிரதி அடித்தாள். முதலாளி பார்த்தார், தடுக்கவில்லை. அதனால் அவள் மனம் ஆறவில்லை. வாரக் கடைசியில், உத்தரவாத அட்டையில் இருந்த முகவரியைத் தேடிக்கொண்டு போனாள்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்த அம்மாள் அவளை அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே வா என்று சொல்லாமல் வழிவிட்டு நகர்ந்தார். சின்ன கூடம். அலமாரியில் கோப்பைகள், ஜன்னல் கம்பியில் காயப்போட்ட ஒரு துண்டு. மேசை மேல் ஒரு கோடு போட்ட நோட்டு திறந்தபடி இருந்தது.

அவள் உட்காராமலேயே சொல்லிவிட்டாள். தாளில் பன்னிரண்டு இருந்தது, ஒன்றைத் தன் கையாலேயே அடித்தது, மாஸ்டர் கேட்டும் சொல்லாமல் விட்டது, மாதாமாதம் கடையிலேயே நகல் எடுத்திருக்கலாம் என்பது, எல்லாம்.

அந்த அம்மாள் மேசையருகே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இப்ப எதுக்கு வந்தீங்க? சொல்லிட்டா உங்களுக்கு லேசாயிடும். எனக்கு?"

கிளம்பலாமென்று திரும்பினாள்.

"இருங்க" என்றார் அந்த அம்மாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். "அவரு யார்யார்கிட்ட எழுதிப் பேசினாரோ, அவங்ககிட்டல்லாம் கேட்டு எழுதிட்டு வரேன். குளத்துல டிக்கெட் கிழிக்கறவரு, மாடி வீட்டுக்காரங்க, என் தம்பி. ஒரு பக்கந்தான் ஆச்சு. உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

அவள் உட்கார்ந்தாள். மாணவர்களைவிட மந்தம் என்று எழுதியதைச் சொன்னாள். அந்த அம்மாளின் உதடு லேசாக வளைந்தது. எழுதிக்கொண்டார். சனிக்கிழமை ஒரு பக்கம் நீட்டியதைச் சொன்னாள். "யாரோ ஒரு பொண்ணு, தண்ணிக்குப் பயந்துட்டே இருந்தவ, அன்னிக்குத் தனியா நீந்திட்டாளாம். குரல் இல்லாம கையக் காட்டியே சொல்லிக் குடுத்தேன்னு எழுதியிருந்தாரு."

"அப்புறம்?"

"அதுக்கு மேல... நான் படிக்கலம்மா. கூட்டமா இருந்துச்சு."

பேனா அப்படியே நின்றது. ஏதாவது ஒன்றை இட்டுக்கட்டிச் சொல்லிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. மனைவியைப் பற்றி ஒரு நல்ல வரி. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

"நடுவுல ஒரு தடவ வந்தாரு" என்றாள். "எழுத்த எவ்வளவு பெருசாக்க முடியும்னு கேட்டாரு. உங்களுக்குக் கண்ணு மங்குதாம், ஆனா ஒத்துக்க மாட்டேங்கறீங்களாம், கண்ணாடி போடச் சொன்னா கோவம் வருதாம். இருக்கறதுலயே பெரிய எழுத்தா மாத்திக் குடுத்தேன். அவ கிட்ட சொல்லிடாதீங்கன்னு எழுதினாரு."

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அடப் பாவி மனுஷா" என்றார். "அவரு எழுதறது மட்டும் நல்லா தெரியுதேன்னு நெனச்சேன். பேப்பர்லதான் இப்பல்லாம் மை சரியில்லன்னு சண்ட போட்டுட்டு இருந்தேன். அவரு போனப்புறந்தான் கண்ணாடியே வாங்கினேன்."

சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. பிறகு துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். கையேடு அவர் தோளைத் தொடப் போனாள். தொடும் உரிமை தனக்கில்லை என்று கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

வாசலில் செருப்பைப் போடும்போது, "வேற ஏதாவது ஞாபகம் வந்தா வரட்டுமா?" என்று கேட்டாள்.

"வராதீங்க. ஃபோன்ல சொல்லுங்க" என்றார் அந்த அம்மாள். குரலில் கோபம் இல்லை; மன்னிப்பும் இல்லை. "வார்த்தையக் கூட்டாம கொறைக்காம சொல்லுங்க."

ஒரு மாதம் கழித்து, பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது ஒன்று ஞாபகம் வந்தது. அந்தப் பேனாவைத் தொலைத்துவிட்டால் என்ன செய்வது என்று அவர் கேட்டிருந்தார். ஒன்றுமில்லாத கேள்விதான். இருந்தாலும் இறங்கியதும் ஃபோன் செய்தாள். மறுமுனையில் எழுதும் சத்தம் கேட்டது. "ம், சரி" என்று வைத்துவிட்டார்.

அதன் பிறகு ஒருநாள், கடையில் இருந்தபோது, அந்தச் சனிக்கிழமையின் மூன்றாவது வரி அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது போலிருந்தது. என் மனைவியையும் குளத்துக்குக் கூட்டிவரப் போகிறேன் என்று. ஃபோனை எடுத்து எண்களை அழுத்தினாள். கடைசி எண்ணில் விரல் நின்றது. உண்மையிலேயே அப்படி எழுதியிருந்தாரா, அல்லது அப்படி எழுதியிருக்க வேண்டும் என்று தான் ஆசைப்படுகிறோமா? எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை.

ஃபோனை வைத்துவிட்டு, காத்திருந்த வாடிக்கையாளரிடம் போனாள்.